வடிவின் பங்கு

பங்குனி மாசத்துக் கோயில் கொடையில், கீழச்செங்குளத்து வாழைக்காய் வியாபாரி ஒருவன் மேடையேறி, பாடிக்கொண்டிருந்த சுடலைவடிவின் இடது தோளில் சேலையோடு சேர்த்துக் குத்திவிட்டுப் போன நூறு ரூபாய் நோட்டு, பொழுது விடிந்து ஊக்கைக் கழற்றிய பிறகும் அவளை விட்டு வரவில்லை.

செவ்வந்தி இன்னிசைக் குழுவில் பாடகி மேல் குத்திய அன்பளிப்பு நோட்டுகளைக் கழற்றுகிற வேலை அருமைநாயகத்துடையது. அவர் பேஸ் கிடார் வாசிப்பவர், அதைவிட முக்கியமாகக் குழுவின் காசு பார்ப்பவர். கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் வேன் ஏதாவதொரு டீக்கடையோரம் நிற்கும், எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள், அவர் தன் கையால் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நோட்டை நீவி அடுக்கி, சத்தம்போட்டு எண்ணிப் பிரிப்பார். அவளே கழற்றினால் ஒன்றிரண்டு ரவிக்கைக்குள் போய்விட்டது என்று நாளைக்கு எவனும் பேசிவிடக் கூடாது, அது அவளுக்குத்தான் மரியாதை என்பது அவர் கட்சி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனுஷர் அவர். ஒருமுறை டீக்கடைக்காரன் மீதிச் சில்லறையில் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டான் என்று வேனைப் பத்து மைல் திருப்பச் சொன்னவர். அந்த இரண்டு ரூபாய்க்கு எரிந்த டீசலை யார் தலையில் கட்டுவது என்று அப்புறம் தனியாக ஒரு சண்டை நடந்தது.

"அண்ணாச்சி, வலிக்கி" என்றாள் வடிவு.

"ஊக்கு சதையில ஏறிட்டோ?"

"ஊக்கத்தான் அப்பமே எடுத்துட்டியளே."

அவர் நோட்டின் மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தார். நோட்டோடு தோளின் தோலும் சேர்ந்து எழும்பிற்று, மூலையில் பொட்டாக ரத்தம் கசிந்தது. பாட்டுக்காரன் ஜெபசிங்கின் மீசை கத்தரிக்கும் சின்னக் கத்தரிக்கோலை வாங்கிச் சேலையை நோட்டைச் சுற்றி வெட்டிப் பார்த்தால், ரவிக்கைத் துணியையும் தாண்டி, வெங்காயத்தின் அடியில் இருக்குமே அந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கியிருக்கிறது. தொட்டால் நோட்டு கதகதவென்று இருந்தது. டிரம்ஸ் வாசிப்பவனும் வேன் ஓட்டுகிறவனுமான கொம்பையா, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப இந்த நூற எப்பிடிண்ணே பிரிக்க?" என்று கேட்டான். நடக்கக் கூடாத ஒன்று கண்ணெதிரே நடந்தால் மனுஷன் வாயைப் பிளப்பான் என்று சொல்வதெல்லாம் சும்மா. அதில் தனக்கு என்ன வரும் என்றுதான் முதலில் பார்ப்பான்.

அந்தக் குழுவின் பங்குமுறையைச் சொல்லிவிட வேண்டும். கீபோர்டு வாசிக்கும் பூலோகபாண்டி குழுவைத் தொடங்கியவர், அவருக்கு ஒன்றரைப் பங்கு. ஜெபசிங்குக்கு ஒன்று, கொம்பையாவுக்கு ஒன்று, அருமைநாயகத்துக்கு ஒன்று. வேனுக்கு ஒரு பங்கு, ஸ்பீக்கர் செட்டுக்கு ஒரு பங்கு. ஆக ஆறரை. வடிவுக்குப் பங்கு கிடையாது. பெண்பிள்ளை, இன்றைக்கு இருப்பாள், நாளைக்கு எவனையாவது கட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பதால் கச்சேரிக்கு எண்ணூறு ரூபாய் பேட்டா. புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய் வெகுகாலமாகியும், அவள் எங்கேயும் போகாமல் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தும், அந்த நியாயம் அப்படியே இருந்தது. அவளும் கேட்காமலில்லை.

"வேனு டீசல் குடிக்கி, பங்கு வாங்குது. ஸ்பீக்கர் கரண்டு குடிக்கி, அதுவும் பங்கு வாங்குது. நான் என்னத்தக் குடிச்சாப் பங்கு தருவிய அண்ணாச்சி?"

வேனே குலுங்குகிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். அருமைநாயகம் மட்டும் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். "பேட்டான்னா ஒனக்கு நட்டமே கெடையாதுல்லா, வடிவு. மழ வந்து கச்சேரி கெட்டாலும் ஒனக்கு எண்ணூறு நிக்கும். எங்களுக்கு அப்பிடியா?" அது உண்மைதான். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது காசு மட்டுமில்லை. பங்கு என்று எண்ணும்போது அந்த விரல்களில் ஒரு விரல் தனக்காக மடங்க வேண்டும், அதுதான் அவளுக்கு ஆசை.

அடுத்த கொடையில் குத்திய நோட்டுகளும் வேர்விட்டன. அதற்கடுத்ததிலும் அப்படியே. சேதி காற்றில் பரவுவதற்கு முன்னால் கொடைக் கமிட்டிக்காரர்களின் போனில் பரவியது. அதுவரை குடித்துவிட்டு மேடையேறுகிறவர்கள்தான் நோட்டுக் குத்தினார்கள், இப்போது குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தார்கள், பிள்ளையில்லாதவள் பத்து ரூபாயைக் குத்தி வேண்டிக்கொண்டாள், கிணற்றில் தண்ணீர் கண்டவன் ஐந்நூறைக் குத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான், முதலில் சிரித்த ஊர்க்காரர்களே ஆனி பிறப்பதற்குள் 'காசு பூத்த மேனி' என்று அவளுக்குப் பேர் வைத்து, சிவராத்திரி வரைக்கும் குழுவுக்குத் தேதி இல்லாமல் செய்துவிட்டார்கள். தையல்காரர் ஒருவர் நோட்டுகள் வெளியே வர ஜன்னல் ஜன்னலாக வெட்டு வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்துக் கூலியும் கூட்டிக் கேட்டார். கூட்டுறவுச் சங்கத்துக் காசாளர் அவள் முழங்கையைத் திருப்பி நோட்டு நம்பரை வெளிச்சத்தில் பார்த்து, எல்லாம் நல்ல நோட்டுதான், ஆனால் ஆளோடு சேர்த்து டெபாசிட் வாங்க விதியில்லை என்று வருத்தப்பட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் தங்கள் குழந்தைகளிடம் "தொடாத, அது அக்காவோட காசில்ல" என்று சொல்லித் தந்தார்கள்.

அது யார் காசு என்பதில் குழுவில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அன்பளிப்பு பொது. பொதுவில் வடிவுக்குப் பங்கில்லை. ஆகவே அவள் சுமந்துகொண்டு திரிவது அவ்வளவும் மற்றவர்களின் சொத்து. ஊரில் களவு அதிகம் என்று சொல்லி அவளைப் பஸ்ஸில் போக வேண்டாமென்றார்கள். பிறகு வீட்டுக்கே போக வேண்டாமென்றார்கள். சைக்கிள் கடை மாடியில் இருந்த ரிகர்சல் அறையில் பாய் போட்டுக் கொடுத்து, காவலுக்குக் கொம்பையாவின் மனைவியைப் படுக்க வைத்தார்கள். மல்லாந்து படுத்தால் முதுகு நோட்டு கசங்கும், ஒருக்களித்தால் கை நோட்டு கசங்கும். உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டாள். வேர்கள் உள்ளே என்னத்தைக் குடித்தனவோ, நோட்டுகள் நாளுக்கு நாள் மொரமொரப்பாகிக்கொண்டே வந்தன, அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போயிற்று.

ஒருநாள் குளிக்கும்போது ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று பாதியாகக் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சுவரோரம் சாய்ந்து நிற்க, அறைக்குள் நான்கு ஆண்கள் அந்த நட்டம் யாருடையது என்று பேசினார்கள்.

"எல்லாருக்கும் பொதுவுல கழிங்க" என்றார் பூலோகபாண்டி.

"ஒன்றரைப் பங்குக்காரரு நீங்க, ஒன்றரைப் பங்கு நட்டத்தயும் எடுத்துக்கிடுவியளா?" என்றான் ஜெபசிங்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்கள் தாயும் பிள்ளையும்கூட இல்லை. பத்து வருஷம் ஒன்றாக வாசித்த குழு ஐம்பது ரூபாய்க்காக உடைந்துவிடும் போலிருந்தது. அருமைநாயகம் ஒரு பகல் முழுக்க யோசித்து, சாயங்காலம் முகம் தெளிந்து வந்து வழி சொன்னார். அவரவர் பங்குக்கு அவரவர் இடம். வலது கை முழுக்கப் பூலோகபாண்டி. இடது கை ஜெபசிங். வலது தோள் கொம்பையா, இடது தோள் அவர். முதுகில் மேல்பாதி வேன், கீழ்ப்பாதி ஸ்பீக்கர் செட்டு. இனி கிழிந்தால் அந்தந்த இடத்துக்காரர் பாடு. மேடையில் நோட்டும் ஊக்குமாக வருகிறவர்களுக்கு அவர் கிடார் வாசித்துக்கொண்டே தாடையால் இடம் காட்டுவார், எந்தப் பங்கும் கூடாமல் குறையாமல் வளர அது போதும்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இவ்வளவு சுத்தமான பிரிவினையை அதற்குமுன் அந்த வட்டாரத்தில் எந்தக் குழுவும் கண்டதில்லை என்று கொம்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி" என்றாள் சுவரோரத்திலிருந்து வடிவு. "இதுல எனக்கு எந்த எடம்?"

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார். அவர் மனசு தன் வழக்கப்படி வலது கை, இடது கை, தோள், தோள், முதுகு என்று எண்ணிக்கொண்டு போய், அவளுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்ற இடத்தில் வந்து நின்றது. அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கப்பட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மற்ற மூன்று பேரையும் கூட்டி, கெஞ்சியும் கோபப்பட்டும், கிடாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியும், அவளுக்கு அரைப் பங்கு வாங்கிவிட்டார். இடம், முகம்.

"மொகத்த அவளுக்கே விட்டுருவோம்" என்றார் பூலோகபாண்டி பெரிய மனசோடு. "அவ மொகந்தான."

வடிவு அழுதாள். கொம்பையாவின் மனைவியை அனுப்பி எல்லோருக்கும் சூடாகப் பருப்பு வடை வாங்கி வரச் சொன்னாள். கயத்தாறில் இருக்கும் தன் அக்கா உலகம்மாளுக்குப் போன் போட்டு, "எக்கா, நான் பங்குக்காரி ஆயிட்டேன்" என்று சத்தம்போட்டுச் சொன்னாள். அன்று ரிகர்சலில் அவள் பாடியதைக் கேட்டுச் சைக்கிள் கடைக்காரன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனால் பங்கு என்று வந்துவிட்டால் அது நிறைய வேண்டும். அடுத்த கச்சேரியில் பாதி ராத்திரிக்குள் எல்லா இடமும் நிறைந்துகொண்டு வர, அவள் முகம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு பங்குதாரரின் கணக்கு ஒன்றுமில்லாமல் கிடப்பதை அருமைநாயகத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி நூறு ரூபாயோடு ஏறிவந்தபோது அவர் தாடையால் முகத்தைக் காட்டினார். அவள் புரியாமல் தயங்கினாள். அவர் மறுபடியும் காட்டினார். நெற்றியில், பொட்டுக்கு மேலே, அவள் குத்தினாள். வடிவு சுருதி தப்பவில்லை. ரத்தம் மூக்கோரம் இறங்க, பாடிக்கொண்டே திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது அந்த ஒரு பார்வையைத்தான், எத்தனை தரம் நினைத்தாலும் அதில் நன்றி இல்லை.

ஆடி முடிவதற்குள் நெற்றியும் இரண்டு கன்னமும் நிறைந்து, கண்ணும் வாயும்தான் அவளாக இருந்தது. உதட்டுக்குக் கீழே ஒரு கான்ட்ராக்டர் குத்திய ஐந்நூறு ரூபாய், அவள் பாடும்போது மேலும் கீழும் ஆடியது. ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகவில்லை. கடைசியில் ஒருநாள் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க முடியாமல் போனபோது, வேனில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோட்டு கசங்காமல் இருக்க, சுற்றிலும் தலையணை கொடுத்திருந்தார்கள்.

பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். அவரும் ஆச்சரியப்படவில்லை, கோபம்தான் பட்டார்.

"ரத்தமே இல்ல இவங்க உடம்புல. எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்தாகணும். ஒரு எடத்துல எடுத்துப் பாத்து, எப்படி வருதுன்னு தெரிஞ்சாத்தான் மத்தத எடுக்க முடியும். மொதல்ல எடுக்கிற எடத்துல நோட்டு பூராக் கிழிஞ்சு நாசமாப் போகும், அதப் பத்தி நான் கவலப்பட முடியாது. எங்கேருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்க. கூட வந்தவங்க கையெழுத்துப் போடுங்க."

எங்கேருந்து ஆரம்பிக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று நான்கு பேரும் அதைப் பேசினார்கள். முதலில் எடுக்கிறவன் இடம் அழியும், அவன் பங்கு மண்ணாகப் போகும், அதில் பழகின டாக்டரின் கை மற்றவன் பங்கை முழுசாக எடுத்துக் கொடுக்கும். வேனுக்கு வாயில்லை, அதன் பங்கிலிருந்து தொடங்கலாம் என்றான் ஜெபசிங். வேன் ஓட்டுகிற கொம்பையா அவன் சட்டையைப் பிடித்தான். ஒன்றரைப் பங்குக்காரரிடமிருந்து தொடங்குவதுதான் முறை என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னபோது பூலோகபாண்டி, குழுவை ஆரம்பித்த பாவத்துக்கு இது வேறயா என்று மரத்தில் முட்டிக்கொண்டார்.

என் தோளிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள் என்று அருமைநாயகம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. காசு பார்க்கிறவனே முறையை விட்டு இளகினால், நாளைக்கு ஒவ்வொருவனும் ஒவ்வொரு இளக்கம் கேட்பான் என்று தோன்றியது. அதோடு, மறைப்பானேன், ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் அவருடைய இடது தோளில்தான் அதிகம். அவர் உள்ளே போய் வடிவின் கட்டிலருகே நின்றார்.

அவளுக்கு வெளியே நடப்பதெல்லாம் தெரிந்திருந்தது. ஜன்னல் திறந்துதான் கிடந்தது.

"அண்ணாச்சி, மொகத்துலேர்ந்து தொடங்கச் சொல்லுங்க" என்றாள். உதட்டின் கீழ் நோட்டு மெல்ல அசைந்தது. "அது எம் பங்குதான? போனாப் போவுது."

அருமைநாயகம் ஒத்துக்கொள்ளவில்லை. "அது எப்பிடி வடிவு? அரப் பங்குக்காரி நீ. மொத்த நட்டத்தயும் ஒந் தலையில ஏத்துனா அது நாயமா? நீ பேசாம இரி. ஒனக்கு ஒண்ணும் கொறஞ்சிராம நான் பாத்துக்கிடுதேன். சீட்டுப் போட்டு முடிச்சிருவோம்."

"சீக்கிரம் போடுங்க அண்ணாச்சி."

டீக்கடையில் காகிதம் வாங்கிச் சமமாகக் கிழித்து, அவரே பேர் எழுதினார். எழுதி மடித்த பிறகு, அரைப் பங்குக்கும் ஒன்றரைப் பங்குக்கும் ஒரே மாதிரி ஒரு சீட்டா என்று ஜெபசிங் கேட்டான். நியாயமான கேள்விதான். பிரித்து, பாதிப் பங்குக்கு ஒன்று என்று மறுபடி முழுக்க எழுதினார். வேனின் சீட்டையும் ஸ்பீக்கரின் சீட்டையும் யார் எடுப்பது என்று வந்தது. பங்கில்லாத ஒருத்தர்தான் எடுக்க வேண்டும் என்று முடிவாகி, வாழைப்பழம் விற்கிற அம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கண்ணைக் கட்டுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் வெளியே வந்தார். எந்த இடத்திலிருந்தும் தொடங்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர்கள் போய்ப் பார்த்தபோது நோட்டுகள் தானாகவே உதிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பாதி ஐம்பதைத் தவிர ஒரு கிழிசல் இல்லை, ஒரு கறை இல்லை. பிடித்திருந்த உயிர் விட்டதும் அதுவும் விட்டுவிட்டது. கட்டிலிலும் தரையிலுமாகக் கிடந்ததையெல்லாம் ஆயா கூட்டி, எது எந்தக் கை, எது எந்தத் தோள் என்று தெரியாமல் ஒரே குவியலாக அலுமினியச் சட்டியில் போட்டுக் கொடுத்தார். நோட்டிருந்த இடமெல்லாம் தோல் வெளுத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. பல மாசங்களுக்குப் பிறகு அவளை மல்லாந்து படுக்க வைத்தார்கள்.

அருமைநாயகம் எண்ணினார். இப்போது எல்லாம் சேர்ந்து ஏழு பங்கு. பிரித்தபோது ஒரு ரூபாய் இழுபறி இல்லை. வண்டிக்கும் குழி தோண்டியவர்களுக்கும் மாலைக்கும் ஆன செலவை வடிவின் அரைப் பங்கில் கழித்தார்கள், பங்குதாரர் என்றால் அதுதானே முறை. பொதுவில் எழுதிவிடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பூலோகபாண்டிதான், "நீங்க வச்ச முறதான அண்ணாச்சி, நீங்களே மாத்தாதிய" என்றார். கழித்தது போக மிச்சம் கொஞ்சம் இருந்தது.

அந்த மிச்சத்தையும், தன் பங்கு முழுவதையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டு அவர் கயத்தாறுக்குப் பஸ் ஏறினார். கண்டக்டரிடம் அந்த நோட்டில் ஒன்றைத்தான் நீட்டினார். இது என்ன நோட்டு என்று அவன் தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தார், எறிந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவன் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதியைச் சரியாகக் கொடுத்தான். இறங்கி டீ குடித்தார். அங்கேயும் வாங்கிக்கொண்டார்கள். அது மற்ற நோட்டைப் போலவே எங்கும் செல்லுபடியானது.

உலகம்மாள் வாசலில் மிளகாய் வத்தல் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தங்கையின் மூக்கு, தங்கையின் தாடை. அவர் துண்டை அவிழ்த்து வைத்தார்.

"இது வடிவு பங்கு. இது எம் பங்கு. எனக்கு வேண்டாம். நீயே வச்சிக்கோ."

அவள் எழுந்து தன் முகத்தில் அந்த நோட்டுகளை விட்டெறிவாள், வத்தல் கையோடு கண்ணில் அப்புவாள், தெருவைக் கூட்டுவாள் என்று நினைத்துத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அவளோ கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துண்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவ எப்பமும் சொல்லுவா அண்ணாச்சி. குழுவுல ஆயிரம் பேரு ஆயிரம் பேசுவான், அருமைநாயகம் அண்ணாச்சி இருக்க வரைக்கும் எனக்கு ஒரு பைசா கொறையாது எக்கான்னு."

அருமைநாயகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். காரம் கண்ணில் ஏறித் தண்ணீர் வழிந்தது. "எண்ணிப் பாரு தாயி" என்றார். "ஒரு தரம் எண்ணிப் பாரு."

"நீங்க கொண்டுவந்தத எதுக்கு எண்ண?" என்று சொல்லி, உள்ளே போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மிச்ச வத்தலைக் கிள்ள உட்கார்ந்தாள்.